போர் தின்ற ஊரில் பிள்ளைகளுக்கென ஒரு முற்றம்: தன்னார்வலர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையில் போர் முடிந்தது 2009 மே மாதத்தில். இன்று வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். "போரையே காணாத பிள்ளைக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மட்டக்களப்பின் படுவான்கரையிலோ முல்லைத்தீவிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது இருத்தி வைக்க வேண்டும் போலிருக்கும் எனக்கு. அந்த வீட்டில் தாத்தாவின் படம் சுவரில் இருக்கிறது. மாலை போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. தாயின் தோளில் செல் சன்னம். பட்டாசு வெடித்தால் அம்மம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். தகப்பன் குடிக்கிறார், ஏன் குடிக்கிறார் என்று வீட்டில் எவரும் பேசுவதில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் வீட்டுப்பாடம் எழுதுகிறது ஒரு பிள்ளை.

அந்தப் பிள்ளைக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனம், வாகனம், திட்ட முன்மொழிவு எதுவும் உங்களிடம் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். நான்கைந்து பேர், வாரத்தில் ஒரு பிற்பகல், ஒரு முற்றம். இவ்வளவும் போதும். எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: பிள்ளையின் காயத்தைக் கிளறுவது உங்கள் வேலையில்லை. வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில், அதே முகங்களோடு அங்கே இருப்பதுதான் வேலை. சொன்ன சொல்லும் இருந்த வீடும் ஒரே இரவில் இல்லாமற்போன குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு, சொன்னபடி வரும் ஒரு பெரியவரே மருந்தின் முதற்பாதி.

இது புதிய யோசனையுமில்லை. மட்டக்களப்பில் 1996-இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து மண்ணில் உருவம் செய்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், செடி நட்டார்கள். கிழக்கில் இரு சமூகங்களும் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்க அஞ்சிய காலம் அது. அன்று முடிந்ததென்றால் இன்று முடியாது என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் உங்களையே கேளுங்கள்

எத்தனை காலம் இருப்பீர்கள்? என் கணக்கில் இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் தொடங்கவே வேண்டாம். மூன்று மாதம் அன்பு காட்டிவிட்டு மறைகிற அண்ணாக்களையும் அக்காக்களையும் இந்தப் பிள்ளைகள் நிறையவே பார்த்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரமெங்கும் உளவளத்துணை என்ற பெயரில் வந்து இறங்கியவர்களில் பலர், முகாம்கள் கலையும் முன்பே போய்விட்டார்கள். இன்னோர் இழப்பை நாமும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஆறு மாதம்தான் உங்களால் முடியும் என்றால், ஏற்கெனவே நடக்கும் ஒரு முன்பள்ளிக்கோ அறநெறிப் பாடசாலைக்கோ போய்ப் பின்னாலிருந்து உதவுங்கள். அதுவும் பெரிய காரியம்.

அடுத்தது ஆள் சேர்ப்பது. ஐந்து பேர் நல்ல எண்ணிக்கை. இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். முஸ்லிம் கிராமங்களில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் வரவேண்டுமானால் இது கட்டாயம். ஒவ்வொருவரும் கிராம சேவகரிடம் நற்சான்றிதழும், முடிந்தால் பொலிஸ் அனுமதிச் சான்றிதழும் எடுக்கட்டும். "ஊர்ப் பிள்ளைதானே, தெரிந்தவன்தானே" என்று விலக்கு அளிக்காதீர்கள். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர் அநேகமாகத் தெரிந்தவராகவே இருப்பார். பிள்ளைகள் கூடும் இடத்தைத் தேடி வருவதும் அவர் வழக்கம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குள் தனியே இருக்கக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப் போவதானாலும் இருவராகவே போக வேண்டும். இந்த விதியை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, பெற்றோர் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். அடி, திட்டு, கேலி மூன்றும் கிடையாது என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

ஊரோடு பேசுங்கள்

பிள்ளைகளைத் தேடிப் போகுமுன் பெரியவர்களைத் தேடிப் போங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகம், பங்குத் தந்தை, பாடசாலை அதிபர், சனசமூக நிலையத் தலைவர் எல்லோரிடமும் போய் இருந்து தேநீர் குடித்துப் பேச வேண்டும். ஒருவரை விட்டால் அவர் நினைவில் வைத்திருப்பார்.

கிராம சேவகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரது பெயரும் தொலைபேசி எண்ணும் முதல் நாளிலிருந்தே உங்கள் கொப்பியில் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டும் எவரையும் புலனாய்வுத் துறையினர் வந்து விசாரிப்பது வடக்கு கிழக்கில் புதிதில்லை. ஒளிக்க ஏதுமின்றி வெளிப்படையாக நடத்துவதே அதற்குச் சரியான ஏற்பாடு. கூடவே, தேவையற்ற விவரங்களை எழுதி வைக்காதீர்கள். பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண், ஒவ்வாமை அல்லது நோய் இருந்தால் அது. இவ்வளவே பதிவேட்டில் இருக்கட்டும். தாய் இயக்கத்தில் இருந்தவரா, தகப்பன் எங்கே, எந்த முகாமில் இருந்தார்கள் என்ற எதுவும் காகிதத்தில் ஏறக் கூடாது. எழுதிய காகிதம் யார் கைக்கும் போகலாம்.

பெற்றோரிடம் என்ன சொல்வது? "போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி" என்று சொல்லவே வேண்டாம். பெயர் ஒட்டியவுடன் பிள்ளை ஒதுங்கும், தாயும் கூசுவார். ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைக்கும் விளையாட்டும் கைவேலையும் என்று அழையுங்கள். கூடுதல் கவனம் வேண்டிய பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். ஒரு மாதத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ரியூசனுக்கு இழுத்துக்கொள்வார்கள். சண்டை பிடிக்காதீர்கள். இடம் காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதேவேளை, இங்கே வந்தால் புள்ளிகள் கூடும் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இடமும் நாளும்

மரநிழல், தண்ணீர், கழிப்பறை, வீதியிலிருந்து சற்று விலகல் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கட்டடம் தேடி ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். பொது மண்டபத்தில் கட்சிப் படமோ கொடியோ இருந்தால் வேறிடம் பாருங்கள். கோயில் வளவானால் முஸ்லிம் பிள்ளைகள் வரமாட்டார்கள், மதரசாவானால் தமிழ்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பின்னால் இரு ஊர்ப் பிள்ளைகளையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் பாடசாலை மைதானம்போல் பொதுவான இடமே நல்லது.

வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை அறநெறியும் தேவாலயமும். ஆகவே பல ஊர்களுக்குச் சனி பிற்பகலே பொருந்தும். நோன்பு மாதத்திலும் வைகாசிச் சடங்குக் காலத்திலும் நேரத்தை மாற்றுங்கள்.

வன்னியிலோ, கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியாத வேறு பகுதியிலோ இருந்தால் இதை மட்டும் தவறவிடாதீர்கள். அகற்றும் நிறுவனத்திடமோ பிரதேச செயலகத்திடமோ இடம் துப்புரவானதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே பிள்ளைகளை அங்கே விடலாம். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில்தான். பழைய இரும்புக்குக் காசு கிடைப்பதால் பிள்ளைகள் பற்றைக்குள் போய்த் தேடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக வேண்டியவை:

1. மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதே.
2. தெரியாத உலோகப் பொருளைத் தொடாதே, உதைக்காதே, கல்லெறியாதே.
3. ஆபத்தான இடத்துக்குள் வந்துவிட்டாய் என்று தெரிந்தால் அசையாமல் நில், கத்திக் கூப்பிடு, பெரியவர் வரும்வரை காத்திரு.
4. கண்ட இடத்தைப் பெரியவரிடம் சொல். நீயே மறுபடி போய்க் காட்டாதே.

ஒரு பிற்பகல் எப்படிப் போகும்

இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்வோம். ஒழுங்கு ஒவ்வொரு வாரமும் ஒன்றாகவே இருக்கட்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருப்பதில் பிள்ளைக்கு ஒரு நிம்மதி உண்டு.

வட்டமாக இருந்து பெயர் சொல்லித் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நீங்கள் சொல்ல வேண்டும். சென்ற வாரம் வராத பிள்ளையிடம் "உன்னைத் தேடினோம்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் உங்களை அண்ணா, அக்கா என்பார்கள். முஸ்லிம் பிள்ளைகள் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் அழைப்பார்கள். சேர், டீச்சர் வேண்டாம். இது வகுப்பறையில்லை என்பது முதல் நாளிலேயே தெரியட்டும்.

பிறகு உடம்பு களைக்க விளையாட்டு. கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, எட்டுக்கோடு எல்லாம் ஏற்கெனவே ஊரில் இருக்கின்றன. பயிற்சிப் பட்டறைகளில் கற்றுத்தரும் இறக்குமதி விளையாட்டுகளைவிட இவையே எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் அம்மாவும் சேர்ந்து ஆடலாம், அம்மம்மா பிழை திருத்தலாம். கிளித்தட்டில் ஓட வேண்டும், நிற்க வேண்டும், எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், தோற்றால் மறுபடி தொடங்க வேண்டும். பதறிப் பதறி வாழும் உடம்பு, அடக்கவும் விடவும் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. இரண்டு விளையாட்டுகளை மட்டும் தவிருங்கள்: கண்ணைக் கட்டிப் பின்னாலிருந்து பிடிப்பதும், திடீர்ச் சத்தத்தில் பயமுறுத்துவதும். துவக்கு, தடி கொண்டு பிள்ளைகள் தாமாகவே 'சண்டை' விளையாடினால் தடுக்காதீர்கள். அருகில் இருந்து பாருங்கள். ஒரே காட்சி வாரக்கணக்கில் மாறாமல், மகிழ்ச்சியில்லாமல், ஒரே முடிவில் போய் நின்றால் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, கைவேலை. இதற்கே அதிக நேரம் கொடுங்கள். குளத்தங்கரைக் களிமண், பனையோலை, பழைய சேலைத் துணி, தென்னங்குருத்து, மீன்வலைத் துண்டு. ஊரில் சும்மா கிடைப்பவையே போதும். மண்ணைப் பிசையும்போது பிள்ளைகள் தாமாகப் பேசத் தொடங்குவார்கள். முகத்துக்கு நேரே இருந்து கேட்டால் வராத சொல், பக்கத்தில் இருந்து ஒரே வேலையைச் செய்யும்போது வரும். அப்போது உங்கள் கை நிற்கக் கூடாது. மண்ணைப் பிசைந்துகொண்டே கேளுங்கள்.

அடுத்து சாப்பாடு. அவித்த கடலை, பயறு, மரவள்ளிக்கிழங்கு, இலைக்கஞ்சி. ஊர்த் தாய்மார் முறைவைத்துச் செய்யட்டும். வாங்கிய பிஸ்கற் பெட்டியைவிட அது மேல். பல பிள்ளைகளுக்கு அன்று வயிறு நிறைவது அப்போதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். மரக்கறி உணவாக இருந்தால் எந்தச் சமயப் பிள்ளைக்கும் சங்கடமில்லை.

கடைசியாகக் கதையும் பாட்டும். ஒரு பிள்ளை ஒரு வரி சொல்ல, அடுத்தது தொடர, எல்லோரும் சேர்ந்து கட்டும் கதை. நரியும் ஆமையும் பேசட்டும். ஆமைக்கு வீடு போனால் என்ன செய்யும் என்று பிள்ளைகளே முடிவு கட்டுவார்கள். கூத்து மரபுள்ள மட்டக்களப்புக் கிராமங்களில் ஓர் அண்ணாவியார் வந்து வசந்தன் ஆட்டம் பழக்கினால் அதைவிட என்ன வேண்டும்? பாடி முடித்து, அடுத்த சனி எத்தனை மணிக்கு என்று சொல்லி, ஒவ்வொருவரையும் வாசல்வரை வழியனுப்புங்கள். அழுத கண்ணோடு எந்தப் பிள்ளையையும் அப்படியே அனுப்பாதீர்கள். அது அடங்கும்வரை ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கேட்பதும் கேளாதிருப்பதும்

இந்தப் பகுதியைத் தன்னார்வலர்கள் சேர்ந்திருந்து உரக்க வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

"உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்ல வைத்தால் மனம் லேசாகும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனமும் கூட்டாளி அமைப்புகளும் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்றே செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. ஆபத்து உண்டா, அவசரத் தேவை என்ன என்று பார்ப்பது. பேச விரும்பினால் கேட்பது. உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. குடைவது அதில் இல்லை.

பிள்ளை தானாகவே சொன்னால் நிறுத்தாதீர்கள், திசை திருப்பாதீர்கள், "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். "சொன்னது நல்லது. அது உன் பிழையில்லை" என்ற இரு வசனம் போதும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். யாரோ பிள்ளையைத் துன்புறுத்துகிறார் என்றால் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே முன்னமே, "உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தால் மட்டும், உனக்குத் தெரிவித்துவிட்டு, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்" என்று சொல்லி வையுங்கள்.

படங்களுக்கும் இதே மரியாதை. பிள்ளை உலங்குவானூர்தி வரைந்து கீழே சிவப்புப் பூசினால், அதற்கு அர்த்தம் சொல்ல உங்களுக்குத் தகுதியில்லை, எனக்கும் இல்லை. "இதைப் பற்றிச் சொல்ல விருப்பமா?" என்று கேட்கலாம். இல்லையென்றால், "வைத்துக்கொள்வாயா, நான் பத்திரமாக வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். கண்காட்சியில் தொங்கவிடாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களின் பிள்ளைகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மரணம் என்றால் சடங்கு உண்டு, எட்டுச் செலவு உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. காணாமற்போனவருக்கு எதுவும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இதை முடிவு தெரியாத இழப்பு என்று விளக்கினார்: ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017-இல் தொடங்கிய வீதியோரப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் போராட்டக் கொட்டிலில் அம்மம்மாவின் மடியில் இருந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் "மாமா வருவார்" என்றும் சொல்லாதீர்கள், "அவர் இல்லை" என்றும் சொல்லாதீர்கள். வீட்டில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதையே நீங்களும் பயன்படுத்துங்கள். அவரைப் பற்றித் தெரிந்ததைப் பிள்ளை சொல்ல விரும்பினால், அவருக்குப் பிடித்த பாட்டோ, அவர் மீன் பிடித்த குளமோ, கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது கைமாற்ற வேண்டும்

ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழு 2007-இல் வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டுதல்களில் நான்கு அடுக்குக் கூம்பு ஒன்று உண்டு. அடியில் பாதுகாப்பும் உணவும் உறைவிடமும். அதன்மேல் குடும்பமும் சமூகமும். அதற்கும் மேல் பயிற்சி பெற்ற தொண்டர்களின் குறிப்பான உதவி. உச்சியில் மட்டும் மனநல மருத்துவர். உங்கள் இடம் இரண்டாம் அடுக்கு. அது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். உச்சியின் வேலையை நீங்கள் செய்யக் கூடாது.

வயது கடந்தும் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தாயை விட்டு அகலாதது, காரணம் தெரியாத தலைவலி வயிற்றுவலி, வகுப்பில் வெறித்துப் பார்ப்பது, சட்டென மூளும் கோபம், நித்திரையின்மை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து, படிப்பையும் விளையாட்டையும் கெடுத்தால் தாயோடு பேசி, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக உதவுங்கள். பஸ் காசும் கூடப் போக ஓர் ஆளும் இல்லாததால் தவறிப்போகும் சிகிச்சைகள் உண்டு. தன்னார்வலரின் உண்மையான பயன் அங்கேதான் தெரியும். குடும்பம் நூல் கட்டவோ, தண்ணீர் ஓதி வாங்கவோ, கண்ணகி அம்மன் குளிர்த்திக்கு நேர்த்தி வைக்கவோ விரும்பினால் ஏளனம் செய்யாதீர்கள். ஊர் கூடித் துயரை இறக்கி வைக்கும் வழிகள் அவை. அடியோ சூடோ பட்டினியோ அதில் இருந்தால் மட்டும் தடுக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நடக்கலாம்.

சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை விளையாட்டாக எடுக்காதீர்கள். அன்றே செயல்படுங்கள், தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் அழைப்பு எண் 1926. துன்புறுத்தல், பாலியல் வன்முறை, பாடசாலையிலிருந்து இடைவிலக்கி வேலைக்கு அனுப்புதல், சிறுவயதுத் திருமணம் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. அந்தச் சபை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. முறைப்பாட்டை நீங்கள்தான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. சந்தேகம் இருந்தாலே அறிவிக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிச் 'சமாதானமாக' முடிக்கப் பார்ப்பார்கள். அந்தச் சமாதானத்துக்கு இணங்காதீர்கள்.

இரு ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாக்குவது

ஆரையம்பதியும் காத்தான்குடியும், வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் எல்லை தெரியாமல் ஒட்டிக் கிடக்கும் தமிழ், முஸ்லிம் ஊர்கள். பிள்ளைகள் படிப்பது வேறு வேறு பாடசாலைகளில். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் முஸ்லிம்கள்மேல் இன்னொரு படுகொலை. செப்டெம்பர் 9-இல் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், கைக்குழந்தைகள் உட்பட. ஆறு வாரங்களுக்குள் நடந்தவை இவை. ஒவ்வோர் ஊரும் தன் இறந்தவர்களை மட்டுமே எண்ணி வளர்ந்தது. பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு: மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற பிள்ளைகள், முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்றின் தற்கொலைக் குண்டில் மாண்டார்கள். அதன்பின் எந்தக் குற்றமும் அறியாத முஸ்லிம் பிள்ளைகளைப் பஸ்ஸில் உற்றுப் பார்த்தார்கள்.

இப்படியான மண்ணில் சமாதானத்தை ஒரு நாள் விழாவாக நடத்த முடியாது. வெள்ளைப் புறாத் தொப்பி அணிந்து கைகோத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டால், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பழையதையே கேட்கும். உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்ன நான்கு நிபந்தனைகள் இன்றும் உதவும். இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும். பொதுவான ஓர் இலக்கு வேண்டும். அதைச் சேர்ந்து உழைத்தே அடைய வேண்டும். இரு ஊர்ப் பெரியவர்களும் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படி. ஒவ்வோர் ஊரிலும் தனித்தனியே ஆறு மாதம் நடத்துங்கள். சொந்த ஊரிலேயே அச்சம் தெளியாத பிள்ளையை அயலூருக்குக் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளுக்கு முன் தாய்மாரைச் சந்திக்க வையுங்கள். ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள், இரு ஊரிலிருந்தும் தன்னார்வலர்கள், மாறி மாறி இரு ஊரிலும் கூடல். கிளித்தட்டுக் குழுக்களை ஊர்வாரியாகப் பிரிக்கவே கூடாது. ஒரு கூத்து, ஒரு தோட்டம், களப்போரத்தில் கண்டல் நடுவது என்று மாதக்கணக்கில் நீளும் ஒரு வேலையை வையுங்கள். குறைந்தது எட்டுச் சந்திப்பாவது தொடரட்டும்.

ஒரு நாள் ஒரு பிள்ளை அயலூர்ப் பிள்ளையைக் கேட்கும்: "உங்கள் ஆட்கள்தானே என் தாத்தாவைக் கொன்றது?" பதறிப்போய் அதன் வாயை மூடாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அது நடந்தது. அவர்கள் ஊரிலும் நடந்தது. நீங்கள் இருவரும் அதைச் செய்யவில்லை." பொய் சொல்லி உண்டாக்கும் நட்பு முதல் வதந்தியிலேயே உடையும். வரலாற்றை முழுவதும் அங்கேயே தீர்க்கத் தேவையில்லை. ஆனால் மறுக்கவும் கூடாது.

சிங்களப் பிள்ளைகளோடு சேர்ப்பதானால் மொழிக்கு இருவர் வேண்டும், காலமும் கூடுதலாக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் சிங்களம் கற்று வரும்படி வைக்காதீர்கள். அங்கேயே சமநிலை போய்விடும்.

பெரிய பிள்ளைகள் தாமே முன்னின்று செய்ய விரும்பினால் வழி விடுங்கள். கொலம்பியாவில் 1996 அக்டோபர் 25 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, பிள்ளைகளுக்கென ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தங்களுக்கு மிக முக்கியமான உரிமை எது என்று ஏறத்தாழ 27 இலட்சம் சிறுவர்கள் வாக்களித்தார்கள். வாழும் உரிமையும் சமாதானமும் முன்னே வந்தன. மறு ஆண்டு அந்நாட்டின் பெரியவர்கள் சமாதானத்துக்காக வாக்களிக்க அது தூண்டுதலாயிற்று. ஆனால் பிள்ளையை மேடையேற்றி நாம் எழுதிய உரையை வாசிக்க வைப்பதை இதோடு சேர்க்காதீர்கள். ஆபத்துள்ள இடத்தில் பிள்ளையின் முகத்தை முன்னிறுத்துவது குற்றம்.

காசும் புகைப்படமும்

செலவு குறைவு. உணவு, பஸ் காசு, கத்தரிக்கோல், வண்ணம், முதலுதவிப் பெட்டி. வரவு செலவை ஒவ்வொரு மாதமும் ஊர் பார்க்க எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டில் வாழும் உறவுகள் உதவ முன்வந்தால், பொருளாக அனுப்புவதைவிட ஓர் உள்ளூர்ப் பெண்ணுக்கு மாதக் கொடுப்பனவாக அனுப்பச் சொல்லுங்கள்; தொடர்ச்சி அதில்தான் வரும்.

புத்தகப்பையை நெஞ்சில் அணைத்தபடி வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பையில் கொடுத்தவரின் பெயர், பக்கத்தில் கொடுத்தவர். அந்தப் பிள்ளை பாடசாலையில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வருடம் நடக்க வேண்டும். இதைச் செய்யாதீர்கள், செய்யக் கேட்பவரிடம் காசு வாங்காதீர்கள். களிமண் பொம்மைகளையும் பிள்ளைகளின் கைகளையும் படமெடுத்து அனுப்பினால் போதும். முகம், பெயர், ஊர், குடும்பக் கதை ஆகிய நான்கும் சேர்ந்து எங்கும் வெளியாகக் கூடாது, தாய் சம்மதித்தாலும்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்த ஊர்களில் தன்னார்வலராக வருபவரும் போருக்குள் பிறந்தவரே. பிள்ளை சொல்லும் ஒன்று உங்கள் பழைய இரவை எழுப்பலாம். ஒவ்வொரு சனியும் பிள்ளைகள் போன பிறகு அரைமணி நேரம் ஐவரும் இருந்து பேசுங்கள்: இன்று எது கனத்தது, எந்தப் பிள்ளை கவலை தருகிறது, எது நன்றாக இருந்தது. ஊரில் அனுபவமுள்ள உளவளத்துணையாளரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ மாதம் ஒருமுறை வந்து கேட்டால் நல்லது. நித்திரை கெட்டால், பிள்ளைகள் மேல் எரிச்சல் வந்தால், ஒரு மாதம் விலகி இருங்கள். ஏன் வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

விடைபெறுவது

நிறுத்த வேண்டிய நிலை வந்தால் மூன்று மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சுவரில் ஒரு தாளில் எத்தனை சனி இருக்கிறது என்று எழுதி, ஒவ்வொரு வாரமும் அவர்களே ஒன்றை வெட்டட்டும். வைத்தியசாலைக்கோ உத்தியோகத்தரிடமோ தொடர்பில் இருக்கும் பிள்ளைகளை, தாயின் சம்மதத்தோடு, பெயர் தெரிந்த ஒருவரிடம் நேரில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். படங்களையும் பொம்மைகளையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள், பதிவேட்டை எரித்துவிடுங்கள். முதல் ஆண்டில் வந்த பிள்ளைகளில் பதினாறு பதினேழு வயதானவர்கள் இப்போது இருப்பார்கள். கிளித்தட்டுக்குக் கோடு போடவும், கஞ்சிக்கு முறை பிரிக்கவும் அவர்களுக்குத் தெரியும். மாதர் சங்கத்தின் இரு தாய்மார் துணைக்கு இருந்தால் சனிக்கிழமையை அவர்களிடம் விட்டுவிடலாம்.